உள்ளே இருக்கும் கன்னையன்

போடிநாயக்கனூர்,
வியாழக்கிழமை, காலை எட்டு மணி.

அன்புள்ள தம்பி நிலவனுக்கு அக்கா சூர்யகலா எழுதிக்கொள்வது. சென்னையில் நீயும் உன் வீட்டாரும் நல்லபடியாக இருக்க வேண்டும். இங்கே உடம்பளவில் எல்லோரும் சுகம். மற்றபடி சுகமா என்பதை இதைப் படித்துவிட்டு நீதான் சொல்ல வேண்டும்.

இன்று காலை எழுந்ததும், வாசல் தெளிப்பதற்கு முன்னால், பல் விளக்குவதற்கும் முன்னால், நான் செய்த முதல் காரியம் கீழே கடைக்குள் போய் ஒரு நீல வயரைப் பிடுங்கியது. பிறகு இன்னொரு நீல வயரையும் பிடுங்கினேன். ஏன் பிடுங்கினேன் என்பதை அதன் இடம் வரும்போது சொல்கிறேன், ஏனென்றால் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லச் சொன்னது நீதான். "அக்கா, நீ அனுப்புற வாய்ஸ் மெசேஜ்ல பாதி அழுகை, பாதி குக்கர் விசில். எனக்கு ஒண்ணும் வெளங்கல. என்னைக்கு என்ன ஆச்சு, ஸ்கிரீன்ல என்ன வந்துச்சுன்னு ஒவ்வொண்ணா எழுதி அனுப்பு" என்றாய். உன் கம்பெனியில் வாடிக்கையாளர்களிடம் இப்படித்தான் பேசுவாய் போலிருக்கிறது. சரி, எழுதுகிறேன். கணக்கு திறக்காத கணக்குப்பிள்ளைக்குப் பகலில் வேறு என்ன சோலி?

உனக்கு மறந்திருக்கலாம் என்பதால் நீ செய்த ஏற்பாட்டை முதலில் உனக்கே நினைவுபடுத்துகிறேன். ஆறு வருடத்துக்கு முன்னால், உன் மச்சான் பாண்டித்துரையும் அவர் அண்ணன் கன்னையனும் சேர்ந்து நடத்தும் எங்கள் ஏலக்காய்க் கடைக்கு நீ மூன்று கம்ப்யூட்டர் வாங்கி வைத்தாய். கடை முகப்பில் பெரியவர் கன்னையன் மேஜையில் ஒன்று. பின்னால் குடோனில் தராசுக்குப் பக்கத்தில் உன் மச்சானுக்கு ஒன்று. நடுவில், கணக்கெழுதும் என் மேஜையில், தாய் கம்ப்யூட்டர் என்று நீ பெயர் வைத்த ஒன்று. கணக்கு ஃபைல் அதற்குள்தான் இருக்கிறது, மற்ற இரண்டும் நீல வயர் வழியாக வந்து அதைத் திறந்துகொள்கின்றன, அதை மட்டும் எந்நேரமும் அணைக்கவே கூடாது என்றாய், நானும் அணைத்ததில்லை. பிறகு யூசர் பெயர் என்ன வைக்கலாம் என்று கேட்டாய். இந்த வீட்டில் அது கேட்க வேண்டிய கேள்வியே இல்லை. கடை போர்டில் கன்னையன், மூட்டையில் அடிக்கும் முத்திரையில் கன்னையன், கேஸ் சிலிண்டர் கன்னையன், கரண்டு பில் கன்னையன், என் கையில் இருக்கும் போனின் சிம் கார்டுகூடக் கன்னையன். வங்கியிலிருந்து கூப்பிடுகிறவர்கள் என்னைக் கன்னையன் சார் என்கிறார்கள், நானும் சொல்லுங்க என்கிறேன். ஆகவே மூன்று கம்ப்யூட்டருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. "ஒரே பேரு இருந்தா கொழப்பமே வராதுக்கா" என்றாய். தம்பி, இந்த வரியின் கீழே ஒரு கோடு போட்டு வைத்துக்கொள்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் கடையில் சாக்கின் வாயைத் திறந்து காய் பார்க்கிறவர், பார்த்து முடிக்கிறவரை தன் தோள் துண்டை அந்தச் சாக்கின்மேல் போட்டு வைப்பார். நடுவில் டீ குடிக்கப் போனாலும் துண்டு கிடக்கும். துண்டு கிடக்கிற சாக்கில் வேறு யாரும் கை விடுவதில்லை, கூடப் பிறந்தவனாக இருந்தாலும் சரி, மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த வியாபாரியாக இருந்தாலும் சரி. என் மாமனார் காலத்தில் ஒரே சாக்கில் இரண்டு பேர் கையை விட்டு, பேச்சு கைகலப்பாகி, காய் முழுக்கத் தெருவில் கொட்டின பிறகு வந்த ஏற்பாடாம். இது கம்ப்யூட்டர் சங்கதி இல்லையே என்று நினைக்காதே. வரும்.

இனி நடந்தது. பதினோரு நாளைக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில், ஏலக்காயை நிறம் பார்த்துப் பிரிக்கிற மிஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று உன் மச்சான் பேச்செடுத்தார். "நாப்பது வருசமா என் கண்ணு பாக்குற சோலிய மிசினு பாக்குமா?" என்றார் பெரியவர். "ஒங்க கண்ணுக்குப் போன மாசம்தான் ஆப்ரேசன் பண்ணுனோம்ணே" என்றார் இவர். பெரியவர் ரசத்தைத் தள்ளி வைத்தார். இவர் பதிலுக்கு மோரைத் தள்ளி வைத்தார். அப்புறம் யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கே வரிசை பிடிபடவில்லை. கடைசியில் இவர் வாயிலிருந்து, "அப்ப கணக்கப் பாத்து ஆளுக்குப் பாதியா பிரிச்சுக்கிருவோம், என் பாதியில நான் என்னமும் வாங்கிக்கிறேன்" என்று ஒன்று வந்து விழுந்துவிட்டது. பெரியவர் வீட்டுக்காரி அமுதவள்ளி அக்கா கரண்டியோடு நின்றவர் நின்றபடியே இருந்தார். பத்தொன்பது வருடமாக நானும் அவரும் ஒரே அடுப்பில்தான் ஆக்கிப் போட்டுக்கொண்டிருக்கிறோம். பிரிக்கிற பேச்சு அந்த வீட்டில் அன்றைக்குத்தான் முதல் தடவையாக வந்தது.

மறுநாள் திங்கட்கிழமை காலை. பெரியவர் ஊதுபத்தி காட்டிவிட்டு வழக்கம்போலக் கணக்கைத் திறந்தார். திறக்கவில்லை.

"கலா, இங்க கொஞ்சம் வா ஆத்தா. இது என்னமோ சொல்லுது."

ஆங்கிலத்தில் இருந்ததை நான் தமிழில் படித்துக் காட்டினேன். இந்தக் கணக்கைக் கன்னையன் தனியாகத் திறந்து வைத்திருக்கிறார், அவர் வெளியே வந்த பிறகு முயற்சி செய்யவும் என்றேன்.

"எந்தக் கன்னையன்?"

"நீங்கதான் மாமா."

"நான் இங்கயில்ல நிக்கிறேன்?"

"ஆமா."

"அப்ப உள்ள இருக்கிறது எவன்?"

மதியம் சாப்பிடும்போது, அவர் முகம் இன்னும் தெளியாமல் இருக்கக் கண்டு, அவருக்குப் புரிகிற விதமாகச் சொல்லலாம் என்று நினைத்து, "அது ஒண்ணுமில்ல மாமா, சாக்குமேல துண்டு போட்ட மாதிரித்தான். போட்டவுக எடுக்கிற வரைக்கும் மத்தவுக கை வைக்க முடியாது" என்றேன். அவர் பிசைவதை நிறுத்திவிட்டு, "துண்டு யாருது?" என்றார். "ஒங்களுதுன்னு காட்டுது" என்றேன். "என் துண்டு என் தோள்ல கெடக்கு ஆத்தா" என்றார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அமுதவள்ளி அக்கா, "இன்னொரு வாட்டி சொல்லு கலா. துண்டு கெடந்தா யாருமே தெறக்க முடியாதா?" என்று கேட்டார். "முடியாதுக்கா" என்றேன். "அடப் பாவமே" என்று சொல்லி எனக்கு இன்னொரு கரண்டி ஊற்றினார்.

குடோனிலும் அதே கதை. உன் மச்சான் திறந்தால் கன்னையன் உள்ளே இருக்கிறார். தாய் கம்ப்யூட்டரில் நான் திறந்தாலும் கன்னையன் உள்ளே இருக்கிறார். "நான் பிரிக்கச் சொன்னதும் அண்ணன் உள்ள போயி தாப்பா போட்டுட்டாரு" என்று இவர் முடிவே கட்டிவிட்டார். புதன்கிழமை பெரியவர் காய் பார்க்க விடியற்காலையிலேயே ஜீப்பில் மலைக்குப் போய்விட்டார். கன்னையன் போகவில்லை, உள்ளேயே இருந்தார். இவர் உடனே போனைப் போட்டார், ஸ்பீக்கரில்.

"அண்ணே, எங்க இருக்கீங்க?"

"போடிமெட்டுக்கு ஏறிக்கிட்டிருக்கேன். பதினோராவது வளைவுல ஜீப்பு நிக்குது. முன்னால லோடு லாரி திரும்ப மாட்டேங்குது. என்னப்பா?"

"இல்ல, நீங்க கணக்குக்குள்ள இருக்கிறதாக் காட்டுது."

"நான் ஜீப்புக்குள்ள இருக்கேன்டா."

"ஜீப்புல இருந்துக்கிட்டே உள்ள வந்தாச்சோன்னு கேட்டேன்."

"தொரை, இங்க பனியில பக்கத்துல ஒக்காந்திருக்கிறவன் மொகமே தெரியல. கணக்கு தெரியுமா எனக்கு? வைடா போன!"

இதில் ஒரு விசித்திரம் என்னவென்றால், சாயங்காலம் ஆறு மணி ஆனதும் எல்லாம் தானாகச் சரியாகிவிடும். மூன்று கம்ப்யூட்டரிலும் கணக்கு சமர்த்தாகத் திறக்கும். கடை சாத்துகிற எட்டு மணிக்குள் அன்றைய பில் அத்தனையும் நான் ஓட்டமாக ஓடிப் பதிந்து வைப்பேன். மறுநாள் காலை பார்த்தால் மறுபடி கன்னையன். இதைச் சொன்னால் பெரியவர், "சாயங்காலம் தெறந்து காட்ட யாராலயும் முடியும். பகல்ல எதுக்கு மூடணும்? பகல்ல என்ன அழிக்கிறானாம்?" என்கிறார். அழிப்பது யார் என்று அவர் பெயர் சொல்லவில்லை. குடோன் பக்கம் மட்டும் பார்த்தார்.

வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் மொக்கச்சாமியைக் கூப்பிட்டோம். உனக்கு அவரைத் தெரியாது. நல்ல மனிதர், எதையும் பார்க்காமலேயே காரணம் சொல்லிவிடுவார். உச்சி வெயிலில் வயர் சூடாகிறது, ஆறு மணிக்குக் குளிர்ந்துவிடுகிறது என்றார். மார்கழியிலுமா என்று கேட்டேன். அப்படியென்றால் எலி என்றார். இரண்டு நாள் வந்து வந்து போனார். ஞாயிற்றுக்கிழமை, "ஃபோல்டருக்கு அனுமதி எல்லாத்தையும் மாத்திட்டேன்க்கா. இனிமே யார் வேணாலும் போகலாம், வரலாம், மந்தைவெளி மாதிரி" என்று சொல்லி டீ குடித்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை காலை பெரியவர் கம்ப்யூட்டரில் கன்னையன் இல்லை. அவருக்குப் பதில் வேறு ஒரு வாசகம் வந்திருந்தது. அதை நான் படித்துக் காட்டியிருக்கவே கூடாது. படித்தாலும் கொஞ்சம் மாற்றியாவது சொல்லியிருக்கலாம். பி.காம். படித்த புத்தி, உள்ளதை உள்ளபடி சொன்னேன்: "இதைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை. நிர்வாகியை அணுகவும்."

பெரியவர் ஸ்கிரீனில் அந்த வரியை விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"எனக்கா?"

"அது வந்து மாமா, மெசினு பொதுவாச் சொல்றது..."

"எங்கப்பன் வச்ச கடையில, எனக்கு அனுமதி இல்ல. யாருத்தா அந்த நிர்வாகி? சொல்லு, போயி அணுகுறேன். சட்டை மாத்திக்கிட்டுப் போகணுமா, இப்பிடியே போகலாமா?"

மொக்கச்சாமி மத்தியானத்துக்குள் வந்து பழையபடி மாற்றிக் கொடுத்துவிட்டார், கன்னையனும் பழையபடி உள்ளே வந்துவிட்டார். ஆனால் பெரியவர் மனதில் விழுந்ததை மாற்ற மொக்கச்சாமியால் ஆகவில்லை. அன்று சாயங்காலமே தேவாரம் ஊரில் இருக்கும் தாய்மாமன் வீரையாவுக்குப் போன் போட்டார். "தம்பி பிரிக்கணும்னு ஆசைப்பட்டான். பிரிச்சே விட்டுருங்க மாமா" என்றார். வீரையா இந்தக் குடும்பத்தில் வயதிலும் குரலிலும் மூத்தவர். "ஞாயித்துக்கெழம வர்றேன். ஆனா கணக்கு கண்ணு முன்னால தெறந்து இருக்கணும். வாய்க்கணக்குப் பேசுனீக, நான் எந்திரிச்சுப் போயிருவேன். அப்பறம் இன்னொண்ணு, சனிக்கெழம என் தோட்டத்துல யானை எறங்காம இருந்தாத்தான் வருவேன்" என்றார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை இந்தக் கடை இரண்டாகப் பிரிவது இப்போதைக்கு ஒரு யானை கையில் இருக்கிறது. முகப்பு ஒருவருக்கு, குடோன் ஒருவருக்கு. மாடி வீட்டுக்கு நடுவில் ஒரு சுவர். இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் சந்தேகப்படுவது முழுக்க முழுக்க உன் ஸ்கிரீனில் வந்த ஒரு வரியால் என்பதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆனால் ஒன்றை உன்னிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். பயத்துக்கு அடியில் எனக்கு ஓர் ஆவல் இருந்துகொண்டே இருக்கிறது. இந்த உள்ளே இருக்கும் கன்னையன் யார்? வெளியே இருக்கிற கன்னையனைவிட இவர் எனக்குப் பிடித்துப் போய்விட்டார். அதட்டுவதில்லை. டீ கேட்பதில்லை. ஒரு பைசா மாற்றி எழுதுவதில்லை. நான் ஒவ்வொரு நாளும் சாயங்காலம் சரிபார்த்துவிட்டேன். அவர் பாட்டுக்கு வருகிறார், உட்கார்கிறார், விளக்கு வைக்கிற நேரத்துக்கு எழுந்து போகிறார். கணக்குக்குள் போய் எதையுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிற ஒருவருக்கு என்னதான் வேண்டும்? அரை நாள் இதையே யோசித்துக்கொண்டு மோருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

நேற்று ஒரு விஷயம் நினைவுக்கு வந்தது. தாய் கம்ப்யூட்டரில் யார் யார் இப்போது உள்ளே வந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற ஒரு பக்கத்தை நீ எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தாய். தேடித் திறந்தேன். மூன்று வரி இருந்தது. கன்னையன், கன்னையன், கன்னையன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் புள்ளி புள்ளியாக எண்கள். எந்தக் கன்னையன் எந்த மேஜை என்று கண்டுபிடிக்கத்தான் இன்று காலை, யாரும் கடைக்கு இறங்கி வருவதற்குள், அந்த வேலை பார்த்தேன். முகப்பு வயரைப் பிடுங்கினேன். ஒரு கன்னையன் மறைந்தார். குடோன் வயரைப் பிடுங்கினேன். இன்னொரு கன்னையன் மறைந்தார். தம்பி, இரண்டு வயரும் தரையில் கிடக்கின்றன, மூன்றாவது கன்னையன் அசையாமல் இருக்கிறார்! ஆளை வெளியே அனுப்புகிற பட்டன் ஒன்று அதே பக்கத்தில் இருக்கிறது அல்லவா, சாமியைக் கும்பிட்டுக்கொண்டு அதை அழுத்தினேன். போய்விட்டார். அப்பாடா என்று ஒரு வாய் தண்ணீர் குடித்தேன். மூன்று நிமிடம்கூட ஆகவில்லை, திரும்ப வந்து உட்கார்ந்துவிட்டார். கோபப்பட்டதாகவும் தெரியவில்லை.

இதற்குமேல் என் படிப்பு போதாது. எப்படியாவது சனிக்கிழமைக்குள் நீ இங்கே வந்து சேர வேண்டும். நேர் ரயில் கிடைக்காவிட்டால் மதுரைக்கு வந்து பஸ்சு பிடி. வந்து அந்த மூன்றாவது ஆளைப் பிடித்து, இரண்டு பேர் முன்னாலும் நிறுத்தி, அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை, இவன்தான் என்று காட்டிவிட்டால் போதும். சுவர் எழும்பாது. இது அக்கா உன்னிடம் கேட்கிற உதவி. எனக்காகக்கூட வேண்டாம், ஒரே அடுப்புக்காக.

உன் வீட்டுக்காரிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல். உன் பிழைப்பு தழைக்கட்டும், உன் வீட்டு வயர்களை எலி தொடாமல் இருக்கட்டும். பரமசிவன் மலையில் ஒரு நெய்விளக்கு நேர்ந்திருக்கிறேன்; சீட்டில் உன் பெயரைத்தான் எழுதச் சொல்வேன், கன்னையன் என்று எழுதச் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
சூர்யகலா

பின்குறிப்பு: மதியம் இரண்டு மணி. நீ வர வேண்டாம். மேலே எழுதியதில் உதவி கேட்ட பகுதியை இல்லாததாக நினைத்துக்கொள்.

கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு ஒன்று உறைத்தது. வயர் இல்லாமல் வருகிற கன்னையன் வைஃபையில்தான் வர வேண்டும். எங்கள் வைஃபை தெருவுக்கு எட்டாது, மாடிக்குத்தான் எட்டும். வெளியே அனுப்பினால் திரும்பி வர அவருக்கு மூன்று நிமிடம் ஆகிறது. மாடிக்குப் பதினெட்டுப் படி. அனுப்புகிற பட்டனை மறுபடி அழுத்தினேன், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

அமுதவள்ளி அக்காவின் அறையில், தையல் மிஷின்மேல், அவர் மகள் காளீஸ்வரி கல்யாணமாகிப் போகும்போது விட்டுப் போன பழைய லேப்டாப் இருந்தது. கொரோனா சமயத்தில் பெரியவர் அந்த அறையில் தனியாகப் படுத்திருந்தபோது, படுத்துக்கொண்டே கணக்குப் பார்க்கட்டும் என்று அதில் எல்லாவற்றையும் நீதான் போட்டுக் கொடுத்தாய், போனிலேயே எனக்குச் சொல்லிச் சொல்லி. நீயும் மறந்துவிட்டாய், நானும் மறந்துவிட்டேன். லேப்டாப்பை மூடி வைக்கிற பெரியவரின் பழைய துண்டு பக்கத்தில் மடித்துக் கிடந்தது. அக்கா கண்ணாடியை மூக்கு நுனியில் போட்டுக்கொண்டு ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார்.

"ஏக்கா, நீங்களா?"

"பேசாத இரு, ஆறாவது எழுத்துல நிக்கிறேன். பேசுனா மறந்து போகும்."

கன்னையன் என்று ஆங்கிலத்தில் முழுதாக அடித்து முடிக்கிறவரை நின்றேன். முடித்துவிட்டுத்தான் என்னைப் பார்த்தார். பயந்த மாதிரி தெரியவில்லை.

"மொதல்ல தெறந்தது எதுக்குன்னா, பாகத்துல அடுப்பு யாருக்குன்னு பாக்கத்தான். எல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்குன்னு சொன்னாகல்ல."

"அதெல்லாம் அதுல இருக்காதுக்கா."

"அதான் இல்லையே. இதரச் செலவுன்னு ஒண்ணு இருந்துச்சு. உள்ள போயிப் பாத்தா அரிசி, பருப்பு, கேஸு, வெளக்கமாறு. ஏன் கலா, நீயும் நானும் இத்தன வருசம் ஆக்கிப் போட்டது இதரமா? யாரு அப்பிடி எழுதுனது?"

எழுதியது நான். அவருக்கும் தெரிந்திருக்கும், தெரிந்துதான் கேட்டார்.

"சரிக்கா, அது ஏன் மத்தவுகளுக்குப் பூட்டிக்கிருச்சு?"

"வாசல்லயே ஒருத்தரா, பலரான்னு கேக்குதுல்ல? நான் ஒருத்திதான, அதான் ஒண்ணத் தொட்டேன். பூட்டிக்கும்னு எனக்கென்ன தெரியும்? மத்தியானம் சோறு போடும்போது நீதான் துண்டு, துண்டுன்னு வெளக்குன. அப்பத்தான் வெளங்குச்சு. கணக்கு மேல துண்டு கெடந்தா கணக்கப் பாக்க முடியாது. பாக்காம பிரிக்க மாட்டாக. அதான் தெனமும் பாலக் காயப் போட்டுட்டு வந்து போட்டு வைக்கிறேன். ஆறு மணிக்குக் காளீஸ்வரி வீடியோவுல வருவா, அப்ப மட்டும் எடுத்துருவேன்."

"ஆனா அதுனாலதானக்கா ரெண்டு பேரும் மொறச்சுக்கிட்டுத் திரியுறாக!"

"திரியட்டும். மொறச்சுக்கிட்டாலும் ஒரே வரிசையில ஒக்காந்துதான சாப்புடுறாக? சுவரு வச்சுட்டா மொறைக்கக்கூட ஆளு இருக்காது." கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "உன் தம்பி வந்தா கண்டுபிடிச்சுருவானா?" என்று கேட்டார்.

"அஞ்சு நிமிசத்துல."

அக்கா துண்டை எடுத்து லேப்டாப்பின்மேல் விரித்துவிட்டு அரிசி களையப் போனார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்தேன்.

கீரை ஆயும்போது யோசித்தேன். அக்கா போட்டது நல்ல துண்டுதான், அதில் இருந்த பெயர்தான் வினை. கன்னையன் என்று காட்டுவதால் தம்பிக்கு அண்ணன்மேல் சந்தேகம், அண்ணனுக்குத் தம்பிமேல் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை வீரையா முன்னாலும் அதே பெயர் வந்தால் பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. பிறகு இன்னொன்றும் தோன்றியது. ஆறு வருடமாக அந்த ஃபைலுக்குள் போய் வந்த கன்னையன்களில் அதிக நேரம் இருந்தவள் நான்தான். ஒவ்வொரு வரியும் என் விரல் தட்டியது. நான் அங்கே இருந்தேன் என்பதற்கு அதில் ஓர் அடையாளம்கூட இல்லை. ஒரே பெயர் இருந்தால் குழப்பம் வராது என்றாயே, சரிதான் தம்பி, எனக்குக்கூட அது குழப்பமாகத் தோன்றாமலே இருந்திருக்கிறது.

இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அது திறந்ததும் இரண்டு காரியம் செய்யப் போகிறேன். இதரச் செலவிலிருந்து அடுப்பை வெளியே எடுத்து அதற்குத் தனித் தலைப்பு போடுவேன். புதிதாக ஒரு யூசர் பெயர் சேர்ப்பேன், சூர்யகலா என்று. அனுமதி எல்லாவற்றிலும் டிக். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, யானை இறங்கினாலும் சரி, இறங்காவிட்டாலும் சரி, ஐந்து மணிக்குக் கீழே போய், ஒருவர் மட்டும் என்பதைத் தொட்டுக் கணக்கைத் திறந்துவிட்டு மேலே வந்து இட்லி ஊற்றுவேன். வீரையா வந்து உட்கார்ந்து திறக்கச் சொல்லும்போது, இந்தக் கணக்கைச் சூர்யகலா தனியாகத் திறந்து வைத்திருக்கிறார் என்று வரும். பெரியவர் என்னைத்தான் கூப்பிட்டுப் படிக்கச் சொல்வார். உள்ளதை உள்ளபடி படிப்பேன். அப்புறம் அண்ணனும் தம்பியும் வேறு வழியில்லாமல் சேர்ந்து திரும்பி என்னைப் பார்ப்பார்கள். என்ன கேட்பார்களோ, நான் என்ன சொல்வேனோ, அதை அறிய எனக்கே ஆவலாக இருக்கிறது.

இதை உன் மச்சானிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தையும் ஞாயிறு மதியம்தான் போட்டோ எடுத்து அனுப்புவேன், ஆகவே நீ இதைப் படிக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். அன்றைக்கு ஒரு நாள் அக்கா பாலைக் காயப் போட்டுவிட்டு லேப்டாப்பைத் திறந்து பார்க்கட்டும். துண்டு ஏற்கெனவே கிடக்கும். அது என்னுடையதாக இருக்கும்.